வெள்ளையாக வரைந்த காடு

மேப் பார்த்துக் காட்டில் ஓடும் ஓரியண்டீரிங் விளையாட்டின் மேப்பில் காடு வெள்ளை நிறம். முதன்முதலில் கையில் வாங்குகிற எவருக்கும் இது உறுத்தும். பள்ளிக்கூட அட்லஸில் காடு பச்சை. வெள்ளை என்றால் ஒன்றும் இல்லாத இடம், ஓரத்தில் அளவுகோல் அச்சடிக்க விட்டுவைத்த இடம். இங்கே தலைகீழ். மரங்கள் உயர்ந்து, அடியில் புதர் இல்லாமல், தாராளமாக ஓடலாம் என்றிருந்தால் அது வெள்ளை. மரங்கள் நெருங்க நெருங்க வெளிர்பச்சை, நடுப்பச்சை, கடும்பச்சை. மஞ்சள் வெட்டவெளி. பழுப்புக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கம். நீலம் தண்ணீர். கறுப்பு, பாறைகளுக்கும் பாதை வேலி போன்று மனிதர் போட்டவற்றுக்கும்.

பச்சைகளுக்குக் கணக்கு உண்டு. நல்ல காட்டில் ஒருவர் ஓடும் வேகத்தை 100 என்று வைத்துக்கொண்டால், வெளிர்பச்சையில் 60 முதல் 80 வரை. நடுப்பச்சையில் 20 முதல் 60, அதாவது நடைதான். கடும்பச்சையில் 20-க்கும் கீழே. அங்கே போவதை ஓட்டக்காரர்கள் சண்டை என்றே சொல்வார்கள். காய்ந்த கிளைகளை முதுகால் முட்டித் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக நுழைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள அதுவும் ஒரு முறை.

அது ஸ்புரூஸா, பைனா, பிர்ச்சா என்று இந்த மேப் சொல்லாது. மரத்துக்கு என்ன வயது, காடு யாருக்குச் சொந்தம், வெட்டினால் என்ன விலை போகும் என்று வனத்துறைக்காரரும் மர வியாபாரியும் கேட்கும் எதற்கும் இதில் பதில் கிடையாது. இதன் ஒரே அக்கறை, ஒரு மனித உடம்பு இதற்குள் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பது. வரி வசூலிக்க, எல்லை காக்க, பீரங்கி நிறுத்த என்று ஏதாவது ஒரு அதிகாரத்தின் தேவைக்காகத்தான் வரைபடங்கள் பிறந்திருக்கின்றன. ஓடுகிற ஆளின் மூச்சையும் முழங்காலையும் அளவாக வைத்து வரைந்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஊர்ப்பெயர், மலைப்பெயர் என்று எழுத்தும் அதிகம் இருக்காது. ஓடும்போது மேப்பை எந்தப் பக்கமும் திருப்பிப் பிடிக்க வேண்டியிருப்பதால் எழுத்து ஒரு தொந்தரவுதான்.

நீண்ட தூரப் போட்டிக்கான அளவு 1:15,000. ஒரு சென்டிமீட்டர் என்பது 150 மீட்டர். சம உயரக் கோடுகளுக்கிடையே 5 மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கும் கல்லுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அப்படி ஆயிரம் புள்ளிகள் இருக்கும் ஒரு தாளில், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் பென்சிலோடு நின்றிருக்கிறார் என்பதை ஓடும்போது யாரும் நினைப்பதில்லை. இப்போது விமானத்திலிருந்து லேசர் அடித்து நிலத்தின் மேடுபள்ளத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் காடு எவ்வளவு அடர்த்தி, இந்தக் கல் குறிக்கத் தகுந்ததா இல்லையா என்று முடிவு செய்ய ஒருவர் போய் நின்றாக வேண்டியிருக்கிறது.

விளையாட்டு எளிதானது. மேப்பில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம், அங்கே தொடக்கம். எண்ணிட்ட வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் காட்டில் ஓர் ஆரஞ்சு-வெள்ளைக் கொடி. அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு இரட்டை வட்டத்தில் முடிக்க வேண்டும். ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்பது உங்கள் பாடு. மேப், காம்பஸ், இரண்டு கால். செயற்கைக்கோளைக் கேட்டு வழி தெரிந்துகொள்வது விதிமீறல். உலகப் போட்டியில் ஆண்களின் நீண்ட தூர ஓட்டம் வெல்பவருக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

இதைக் காட்டில் வழி கண்டுபிடிக்கும் திறமை என்றுதான் வெளியே சொல்கிறார்கள். பின்லாந்தில் வேலைக்கு வந்து, கோடை மாலைகளில் கிளப்புகள் எல்லாருக்கும் திறந்துவைக்கும் சிறு ஓட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு எனக்குப் பட்டது வேறு. வழி கண்டுபிடிப்பது இதில் சுலபமான பகுதி. கண்டுபிடித்துவிட்டோம் என்று மனம் சொல்கிறதே, அதை எப்போது நம்புவது என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

தொடக்கம் ராணுவத்தில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன், நார்வே படைகளில் இது ஒரு பயிற்சி. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-இல் இன்றைய ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் நடந்தது. எட்டுப் பேர் ஓடினார்கள், மூன்றே கண்ட்ரோல். 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி 200-க்கும் மேற்பட்டோரைக் காட்டுக்குள் ஓடவிட்டார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துவருவதைப் பார்த்தவர் அவர். 1961-இல் சர்வதேச அமைப்பு, 1966-இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸில் முதல் உலகப் போட்டி. வரலாறு இவ்வளவு போதும்.

வரலாற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சட்டம். பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி காடு. அதில் பாதிக்கும் மேல் தனியார் குடும்பங்களுக்குச் சொந்தம். இருந்தும் யாருடைய காட்டுக்குள்ளும் யாரும் நடந்து போகலாம், பெர்ரி பறிக்கலாம், காளான் எடுக்கலாம். உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதே மரபு. பெரிய போட்டி நடத்துவதானால் அனுமதி வாங்குவார்கள், அவ்வளவுதான். வேலியும் காவலாளியும் இல்லாத காடு இருந்தால்தான் இப்படி ஒரு விளையாட்டு முளைக்கும். அதோடு, மேப் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். நம் ஊரில் என்.சி.சி.யில் மேப் ரீடிங் வகுப்பு உண்டு. புவியியல் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு டோப்போஷீட் பார்ப்பார்கள். ஆனால் சர்வே ஆஃப் இந்தியாவின் அந்தத் தாள்களில் பல நெடுங்காலம் சாதாரண ஆள் வாங்க முடியாதவை. 2005-இல் பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது, 2021-இல் கெடுபிடி பெருமளவு தளர்ந்தது. அதற்குள் கைப்பேசி வந்துவிட்டதால் காகித மேப்பை யாரும் தேடவில்லை. சம உயரக் கோட்டைப் பார்த்ததும் மனதில் மலை எழும் பழக்கம் நமக்குப் பரவலாக வராமலே போயிற்று. தேர்வில் பத்து மதிப்பெண் என்ற அளவோடு அது நின்றுவிட்டது.

ஓடுகிறவர்கள் மேப்பைப் பிடிக்கும் விதம் கவனிக்கத் தகுந்தது. நாலாக மடித்து, கட்டைவிரல் நகத்தைத் தாங்கள் நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். நகர நகர விரலும் நகரும். திரும்பினால் மேப்பும் திரும்பும். முன்னால் இருப்பது எப்போதும் மேப்பிலும் முன்னால் இருக்க வேண்டும். ஒரு நொடி பார்வை தாளில், பிறகு பத்து நொடி காலடியில். காலடியைப் பார்க்காமல் முடியாது. ஸ்புரூஸ் காட்டில் கல்லையும் கல்லுக்கிடையே உள்ள குழியையும் ஒரே பாசி மூடியிருக்கும். கால் வைத்தால் கல் தாங்கும், இல்லையென்றால் முழங்கால்வரை இறங்கும். புளூபெரிச் செடிகள் கணுக்காலைப் பிடித்து இழுக்கும். சதுப்பின் ஓரத்தில் ஒரு செடி, தலைவலி வரும் அளவுக்கு மணக்கும். அந்த மணம் வந்தால் சதுப்பு நெருங்கிவிட்டது என்று இங்கத்திய ஓட்டக்காரர்களுக்குத் தெரியும். அது எந்த மேப்பிலும் இல்லை.

நுட்பங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒன்று. ஓர் ஓடையின் கரையில் கண்ட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஓடைக்கும் இடையே 600 மீட்டர் அடர்காடு. காம்பஸை நேராகக் கண்ட்ரோலுக்கே வைத்து ஓடினால், ஓடையை அடைந்ததும் தொல்லை ஆரம்பம். கொடி கண்ணில் படவில்லை. இடப்பக்கம் போவதா, வலப்பக்கமா? எப்படி ஓடினாலும் மரத்தைச் சுற்றி, பாறையைச் சுற்றி, கொஞ்சம் விலகியிருப்போம். எந்தப் பக்கம் விலகினோம் என்றுதான் தெரியாது. அனுபவசாலிகள் நேராகக் குறிவைக்க மாட்டார்கள். வேண்டுமென்றே 50 மீட்டர் இடப்பக்கம் தள்ளிக் குறிவைப்பார்கள். ஓடை வந்ததும் யோசனையே இல்லாமல் வலப்பக்கம் திரும்பிவிடலாம். தப்பு நடக்கத்தான் போகிறது என்று முன்பே ஒப்புக்கொண்டு, அது எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதை மட்டும் தன் கையில் எடுத்துக்கொள்ளும் முறை இது. புதிதாக வருகிறவர்கள், குறிப்பாக நன்றாகப் படித்தவர்கள், இதை ஏற்க மறுப்பார்கள். 50 மீட்டர் அநியாயமாக அதிகம் ஓட வேண்டியிருக்கிறதே என்பார்கள்.

தொலைந்துபோவதைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு தப்பான படம் இருக்கிறது. சுற்றிலும் ஒரே மாதிரி மரங்கள், நடுவில் ஒன்றும் புரியாமல் விழித்து நிற்கும் மனிதன். காட்டில் அப்படி நடப்பது அபூர்வம். விழித்து நிற்கிறவன் நின்றுவிட்டானே, பிழைத்தான். நிஜமாகத் தொலைகிறவன் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பான்.

மேப்பில் இரண்டு பள்ளங்கள், இரண்டும் மேற்கே பார்த்து இறங்குகின்றன. நடுவே ஒரு மேடு. போக வேண்டியது வடக்குப் பள்ளம், இறங்கியிருப்பது தெற்கில். இனி மனம் வக்கீலாகிவிடும். பள்ளம் இருக்க வேண்டும், இருக்கிறது. இடப்பக்கம் பாறைச்சரிவு, அதுவும் இருக்கிறது. பள்ளத்தின் முனையில் பெரிய கல். கல் இருக்கிறது, கொஞ்சம் சின்னது, பாசி மூடியிருப்பதால் அப்படித் தெரிகிறது. அதற்குக் கீழே சதுப்பு. மண் லேசாக ஈரம், கோடையல்லவா, வற்றியிருக்கும். ஒவ்வொரு சாட்சியையும் கொஞ்சம் கொஞ்சம் வளைத்து வழக்கை ஜெயித்தாயிற்று. கொடிதான் இல்லை. அப்போதும் மனம் அசையாது. கொடியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கும். இதே வட்டத்துக்குள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒவ்வொரு கல்லின் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டு. அடுத்த பள்ளத்தில், நூற்றைம்பது மீட்டர் வடக்கே, கொடி தேமே என்று தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு தகவலும் பொய்யில்லை. பள்ளம், பாறை, கல், ஈரம் எல்லாம் நிஜம். காடு ஏமாற்றவில்லை, மேப் ஏமாற்றவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்த கைதான் அவசரப்பட்டது.

2009-இல் யான் சௌமனும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஜெர்மனியில் பீன்வால்ட் என்ற பெரிய சமவெளிக் காட்டிலும், துனிசியாவின் சகாரா பகுதியிலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி, கருவிகளால் அவர்களின் தடத்தைப் பதிந்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் நடந்த தடத்தையே மறுபடி மறுபடி குறுக்கே கடந்தார்கள், கடந்தது தெரியாமலே. ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருப்பதால்தான் வட்டம் சுற்றுகிறோம் என்ற பழைய விளக்கத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரே ஆள் ஒரு சமயம் இடப்பக்கம் வளைந்தார், வேறொரு சமயம் வலப்பக்கம். நேராகப் போகிறோம் என்ற உணர்வு மட்டும் எல்லாருக்கும் குறையாமல் இருந்திருக்கிறது. அந்த உணர்வுக்கும் கால் போகும் பாதைக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு இன்றும் கொஞ்சம் பயம் தருகிற செய்தி.

தேர்ந்த ஓட்டக்காரர் இந்த இடத்தில் என்ன செய்கிறார்? மேப்பில் இருப்பது காட்டில் இருக்கிறதா என்று தேடுவதை நிறுத்துகிறார். இருக்கக்கூடாத எது இங்கே இருக்கிறது, இருந்தே ஆக வேண்டிய எது இல்லை என்று பார்க்கிறார். பொருந்துவது ஆயிரம் கிடைக்கும்; பொருந்தாதது ஒன்று போதும். கிடைத்ததும் திரும்பி, கடைசியாக நிச்சயம் தெரிந்த இடத்துக்குப் போகிறார். சொல்வதற்கு எளிது. மூச்சிரைக்க ஏறிய மேட்டைத் திரும்ப இறங்குவதற்கு உடம்பு சம்மதிக்காது, வீம்பு அதைவிடச் சம்மதிக்காது. முதல்தர வீரருக்கும் எனக்கும் உள்ள வேறுபாட்டில் கால் வலுவின் பங்கு பாதிதான். அவரும் தெற்குப் பள்ளத்தில் இறங்குகிறார். இருபது நொடியில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

மூளையின் திசையறிவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எலியின் மூளையில் இடத்தைக் கட்டம்கட்டமாகக் குறிக்கும் உயிரணுக்களை 2005-இல் நார்வேயில் மோசர் தம்பதியரின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது, 2014-இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதிலிருந்து, ஓரியண்டீரிங் பற்றிப் பேச்செடுத்தாலே இதைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆட்கள் எல்லாக் காபி மேசையிலும் உண்டு. மகத்தான கண்டுபிடிப்புதான். ஆனால் அந்த எலிகள் பெட்டிக்குள் ஓடின. தெற்குப் பள்ளத்தை வடக்குப் பள்ளம் என்று தமக்குத்தாமே நிரூபித்துக்கொள்ளும் எலியை யாரும் இன்னும் காட்டவில்லை.

யுகோலாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1949 முதல் பின்லாந்தில் ஒவ்வொரு ஜூனிலும் வெவ்வேறு ஊர்க் காட்டில் நடக்கும் ஏழு பேர் தொடரோட்டம். சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மதியம் தாண்டியும் ஓடும். பெண்களுக்கு நான்கு பேர் ஓடும் வென்லா, 1978-லிருந்து, அதே சனிக்கிழமை பகலில். இரண்டும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடிய வருடங்கள் உண்டு. ஒரு வயல்வெளியில் திடீரென்று கூடாரங்களால் ஒரு நகரம் எழும். ராணுவக் கூடாரத்துக்குள் சானா போட்டு ஆவி பறக்கும். உலக சாம்பியனும், அலுவலகத்தில் ஆள் குறைகிறது என்று கடைசி வாரத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட கணக்காளரும் அதே புல்லில், அதே கயிற்றுக்குப் பின்னால் நின்று துப்பாக்கி வெடிக்கக் காத்திருப்பார்கள்.

ஏழு பேர் ஏன்? அலெக்சிஸ் கிவி 1870-இல் எழுதிய நாவலின் ஏழு சகோதரர்களுக்காக. யுகோலா அவர்களுடைய பண்ணையின் பெயர். வென்லா, அண்ணன் தம்பிகள் பெண் கேட்கப் போன பக்கத்து வீட்டுப் பெண். பின்னிஷ் மொழியில் பெரும் நாவல் என்று சொல்லத்தக்க முதல் படைப்பு அது. அந்தச் சகோதரர்கள் ஏன் காட்டுக்கு ஓடினார்கள் என்பதுதான் வேடிக்கை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால்தான் அந்தக் காலத்தில் திருச்சபை முழு மனிதனாக ஏற்கும், திருமணம் செய்துவைக்கும். சகோதரர்களுக்கு எழுத்து ஏறவில்லை. கற்றுக்கொடுத்தவரின் அடியும் அவமானமும் தாங்காமல் காட்டுக்குள் போய்க் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வாசிப்பிலிருந்து தப்பிக் காட்டுக்குப் போனவர்களின் பெயரில், காட்டுக்குள் போய் நள்ளிரவில் வாசிக்கும் போட்டி. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்களா என்று யோசித்திருக்கிறேன். நாவலின் கடைசியில் சகோதரர்கள் எழுத்துப் படித்துக்கொண்டு திரும்பி வருவதும் உண்டு.

ஜூன் இரவு வடக்கே முழு இருட்டாவதில்லை. வானம் பால்போல வெளுத்திருக்கும். ஸ்புரூஸ் மரங்களுக்கடியில் மட்டும் இருட்டு உண்டு, அதுவும் நல்ல இருட்டு. நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் ஒரு வட்டம் தெரியும், அதற்கப்பால் எதுவும் இல்லை. மலையின் வடிவம் கண்ணுக்குத் தெரியாது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைத் தொடைதான் சொல்லும். பகலைவிட இரவில் நான் குறைவாகவே தடுமாறுகிறேன் என்று சொல்கிறவர்களைக் கேட்டு முதலில் சிரித்தேன். பிறகு புரிந்தது. பகலில் காடு நிறையக் காட்டுகிறது. தூரத்து மேட்டைப் பார்த்ததும் மனம் அதை மேப்பில் எங்கோ பொருத்திவிடுகிறது. இரவில் பொருத்திக்கொள்ள ஒன்றுமே இல்லாததால் காம்பஸைப் பார்க்கிறார்கள், காலடியை எண்ணுகிறார்கள், அடுத்த ஓடை வரும்வரை எதையும் முடிவு செய்யாமல் இருக்கிறார்கள்.

இரவில் வேறொரு ஆபத்து இருக்கிறது. யுகோலாவின் முதல் ஆள் ஓடும்போது காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள். துப்பாக்கி வெடித்ததும் வயல் தாண்டி மரங்களுக்குள் நுழையும் அந்த ஒளிவரிசையைப் பார்க்கவென்றே கூட்டம் தூங்காமல் நிற்கும். உள்ளே இருப்பவருக்கு அது ஒரு ரயில். முன்னால் நூறு விளக்கு, பின்னால் நூறு விளக்கு. எல்லாரும் ஒரே பக்கம் ஓடும்போது தனியாக மேப்பைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? போட்டி நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். ஆகவே பாதைகளைப் பிரித்துவைப்பார்கள். ஒருவருக்கு எட்டாவது கண்ட்ரோல் இந்தப் பாறையடியில் என்றால், பக்கத்தில் ஓடுகிறவருக்கு எட்டாவது கண்ட்ரோல் நூறு மீட்டர் தள்ளி வேறொரு பாறையடியில். அணியின் ஏழு பேரும் ஓடி முடிக்கும்போது எல்லா அணியும் எல்லாக் கிளைகளையும் ஓடி முடித்திருக்கும், கணக்கு நேராகிவிடும். நடுவழியில் யாருக்கும் எதுவும் தெரியாது. முன்னால் போகிறவர் நம்பிக்கையோடு போகிறார், சரியாகவும் போகிறார், அவருடைய இடத்துக்கு. ஒவ்வொரு கொடியிலும் ஓர் எண் இருக்கும். கையில் உள்ள பட்டியலோடு ஒத்துப்பார்க்காமல் தன் வருகையைப் பதிந்துவிட்டால் அணி முழுவதும் தகுதி இழக்கும். ஏழு பேரின் இரவு, ஒருவர் எண் பார்க்காததால் போய்விடும். வருடாவருடம் போகிறது.

கூட்டத்தோடு ஓடித் தப்பான குன்றில் ஏறி, அங்கே முப்பது நாற்பது விளக்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரியும் என்று நம்பி வந்திருப்பார்கள். இதற்கு அரசியல் உவமை சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது, வேண்டாம்.

அடுத்தவர் போகும் திசையை நம்பாதே என்று இப்படி அடித்துச் சொல்லிக்கொடுக்கும் இதே விளையாட்டில், 2009-இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் ஒன்று நடந்தது. உலகப் போட்டியின் ஆண்கள் தொடரோட்டம், கடைசிச் சுற்று. ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு குச்சி தொடையில் ஆழக் குத்தி இறங்கியது. பின்னால் வந்தவர்கள் பிரான்சின் தியெரி கெயோர்கியு, நார்வேயின் ஆண்டெர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிஹால் ஸ்மோலா, பதக்கத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தவர்கள். மூவரும் நின்றார்கள். கெயோர்கியு தன் பனியனைக் கழற்றிக் காயத்தில் கட்டினார். மூன்று நாடுகளின் பதக்கமும் அந்த மரத்தடியில் போயிற்று, தங்கம் சுவிட்சர்லாந்துக்கு. கெயோர்கியு அதற்கு முந்தைய வருடம்தான் செக் நாட்டில், இதே தொடரோட்டத்தில் முன்னணியில் ஓடும்போது தொண்டையில் தேனீ கொட்டி விலகியவர். இதைத் தியாகம் என்று பத்திரிகைகள் எழுதின. ஓட்டக்காரர்களிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். அடிபட்டவரைக் கண்டால் நின்று உதவுவது கடமை என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது என்பார்கள். அப்படி ஒரு விதி இருந்தே ஆக வேண்டும். காட்டுக்குள் நடுவர் கிடையாது, ஸ்ட்ரெச்சர் கிடையாது. யார் பக்கத்தில் ஓடுகிறாரோ அவர்தான்.

ஓடி முடித்த பிறகுதான் இந்த விளையாட்டின் இரண்டாம் பாதி. மேப்பை விரித்து, சேறு படிந்த விரலை வைத்து, ஒவ்வொருவரும் கதை சொல்லத் தொடங்குவார்கள். ஏழிலிருந்து எட்டுக்கு நீ எந்தப் பக்கம் போனாய், நான் மேட்டின் மேலேயே நேராகப் போனேன். இப்போதெல்லாம் கைக்கடிகாரம் தடத்தைப் பதிந்துகொள்கிறது. ஓடும்போது அதைப் பார்க்கக்கூடாது, முடித்த பிறகு கணினியில் ஏற்றி எல்லாருடைய தடத்தையும் ஒன்றாக ஓடவிடலாம். மேட்டின் மேலே நேராகப் போனவர் மேட்டைச் சுற்றி ஒரு பெரிய காதுபோல வளைந்திருப்பார். சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை.

போன கோடையில் ஒரு மாலை ஓட்டத்தில், ஈரோட்டுக்காரத் தம்பி ஒருவன், எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவன், கடைசி ஆளாகக் காட்டைவிட்டு வெளியே வந்தான். முழங்கையில் கீறல், ஒரு காலில் சாக்ஸ் கிழிந்து தொங்குகிறது. வந்த வேகத்தில் மேப்பை என் முன்னால் நீட்டினான். "அண்ணா, அந்தக் கல்லு அங்க இல்லவே இல்லீங்ணா. மேப்புல தப்பு."

எல்லாரும் ஒரு நாள் சொல்கிற வசனம் என்பதால் நான் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தக் காட்டின் மேப்பை வரைந்தவரே இரண்டு அடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார், எழுபதைத் தாண்டியவர். தம்பி விரல் வைத்திருந்த இடத்தை எட்டிப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருக்கலாம், என்றார். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் மரம் வெட்டும் இயந்திரம் போயிருக்கிறது, கல்லைப் புரட்டியிருந்தாலும் புரட்டியிருக்கும். வரைந்த வருடத்தில் நானே பக்கத்துக் கல்லை இந்தக் கல் என்று போட்டிருக்கவும் கூடும், மழை நாள் அது. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, தம்பியின் மேப்பிலேயே அந்தப் புள்ளியைச் சுற்றி மெல்லியதாக ஒரு வட்டம் போட்டார். வாரக் கடைசியில் போய்ப் பார்க்கிறேன் என்றார். பிறகு நிமிர்ந்து, நீ எந்தப் பக்கத்திலிருந்து அங்கே வந்தாய் என்று அவனைக் கேட்டார்.

தம்பி மேப்பை ஒரு பக்கம் திருப்பினான். அப்புறம் மறுபக்கம். விரல் ஆறாம் எண் கண்ட்ரோலிலிருந்து கிளம்பி, சதுப்பின் ஓரம்வரை நன்றாகத்தான் போயிற்று.

"அதத்தாங்ணா நானும் யோசிச்சுட்டிருக்கேன்" என்றான், என்னிடம், தமிழில்.